சாரல் காலத்துக் கிழங்கு அழுகல்: பூச்செடிக் கிழங்குகளில் பாக்டீரியா நோயைக் கண்டறிந்து கட்டுப்படுத்த ஒரு வழிகாட்டி

ஆனி மாதம் ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்று திரும்பிவிட்டால் செங்கோட்டை, பண்பொழி, இலஞ்சி, குற்றாலம், தென்காசி என்று நம் பக்கம் முழுக்கச் சாரல்தான். மனசுக்கு இதமான காலம். தொட்டியிலும் பாத்தியிலும் கிழங்குச் செடி வைத்திருப்பவர்களுக்கோ அதிகக் கவனம் வேண்டிய காலம். முந்தின நாள் வரை நிமிர்ந்து நின்ற அமரில்லிஸ் மறுநாள் காலையில் சாய்ந்து கிடக்கும். இலையைப் பிடித்து லேசாக இழுத்தால் கையோடு வந்துவிடும். அடியில் கொழகொழப்பும், மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றமும்.

புதிதாகச் செடி வளர்ப்பவர் உடனே செய்வது, உரக்கடைக்குப் போய் "அண்ணாச்சி, கிழங்கு அழுகுது, ஏதாவது மருந்து குடுங்க" என்று கேட்பது. அழுகல் என்ற சொல்லைக் கேட்டதும் கடையில் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் கார்பென்டாசிம் போன்ற பூஞ்சைக்கொல்லி. அது பூஞ்சைக்கான மருந்து. பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. மருந்தைத் தண்ணீரில் கலந்து வேரில் ஊற்றும்போது ஏற்கெனவே நனைந்திருக்கும் கிழங்கு இன்னும் நனையும், நோய் இன்னும் வேகமாகப் பரவும். காசும் போய், செடியும் போய், பக்கத்துத் தொட்டிகளுக்கும் நோய் வந்து சேரும். ஆகவே கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியதைத்தான் இங்கே முதலில், கொஞ்சம் விரிவாகவே, எழுதுகிறேன்.

எந்தச் செடிகள், எந்தக் காலம்

சம்பங்கி, அமரில்லிஸ், ரெயின் லில்லி, ஸ்பைடர் லில்லி, கிளாடியோலஸ், டாலியா, கலேடியம், கல்வாழை, மூணாறு போய் வருகிறவர்கள் ஆசையாக வாங்கி வரும் காலா லில்லி எல்லாமே இந்தக் கட்டுரைக்குள் வரும். தாவரவியல்படி சில குமிழ்கள், சில கிழங்குகள், சில மட்டத்தண்டுகள். நம் ஊர்ப் பேச்சில் எல்லாமே கிழங்குதான். இங்கும் அப்படியே சொல்கிறேன். இவற்றில் மென்அழுகலுக்கு, அதாவது கிழங்கின் சதையைக் கூழாக்கும் பாக்டீரியா நோய்க்கு, மிக எளிதில் பலியாவது காலா லில்லி. சமவெளி வெப்பத்தில் அதை முதல் செடியாக வைக்க வேண்டாம்.

நம் பகுதிக்கு ஆபத்துக் காலம் இரண்டு. ஆனி, ஆடியில் தென்மேற்குச் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. சாரல் இரண்டாவதைவிட மோசம் என்பது என் கருத்து. அடைமழை கொட்டி ஓய்ந்துவிடும், இலை காய்ந்துவிடும். சாரலோ நாள் முழுக்க இலையை ஈரமாகவே வைத்திருக்கும். பாக்டீரியாவால் தானாக இலையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போக முடியாது. ஈரத்தில் நீந்தி, இலைத்துளை வழியாகவோ காயம் வழியாகவோதான் நுழையும். அதற்கு வேண்டியது நீடித்த ஈரமும், 25 முதல் 30 டிகிரி வரையான வெப்பமும், ஒரு சின்னக் காயமும். சாரல் காலத்தில் முதல் இரண்டும் தானாகவே வந்துவிடுகின்றன. மூன்றாவதைத் தடுப்பதுதான் நம் கையில் இருக்கிறது.

படி 1: பாருங்கள், முகருங்கள், அழுத்துங்கள்

சந்தேகம் வந்த செடியைச் சுற்றி இருக்கும் மண்ணை விரலால் விலக்கிக் கிழங்கின் கழுத்தைத் திறந்து பாருங்கள். கட்டைவிரலால் மூன்று இடத்தில் அழுத்துங்கள்: கழுத்து, பக்கவாட்டு, வேர் புறப்படும் அடித்தட்டு. நல்ல கிழங்கு நல்ல வெங்காயம்போலக் கெட்டியாக இருக்கும். மேல்தோல் முழுசாக இருந்தும் உள்ளே விரல் அமுங்கினால் பாக்டீரியா மென்அழுகலைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இந்த நோயை உண்டாக்கும் பெக்டோபாக்டீரியம், டிக்கேயா என்ற இரண்டு வகைகளும் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பெக்டினைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. அதனால் சதை கூழாகிவிடும், தோல் மட்டும் உறைபோல மிஞ்சும். பழைய புத்தகங்களில் இவற்றை எர்வினியா என்ற பெயரில் பார்க்கலாம்.

அடுத்தது நாற்றம். மென்அழுகல் வந்த கிழங்கில் அழுகிய உருளைக்கிழங்கு வாடை வீசும். பூஞ்சையால் வரும் அழுகலில் பெரும்பாலும் இந்த அளவு நாற்றம் இருக்காது. கிளாடியோலஸ் கிழங்கை ஃபியூசேரியம் பூஞ்சை தாக்கினால் அது பழுப்பாகிச் சுருங்கி, உலர்ந்த அழுகலாகவே இருக்கும். சம்பங்கிப் பாத்தியில் தண்டின் அடியில் வெள்ளைப் பஞ்சு போன்ற இழைகளும், கடுகு போன்ற பழுப்பு உருண்டைகளும் தெரிந்தால் அது ஸ்கிளிரோசியம் என்ற பூஞ்சை. பாக்டீரியா நோயில் இழையும் இருக்காது, தூளும் இருக்காது, பூசணமும் இருக்காது. வழவழப்பும் நீர்க்கசிவும்தான்.

இலையில் புள்ளி இருந்தால் அதைக் கிள்ளி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பாக்டீரியாப் புள்ளி தொடக்கத்தில் எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி ஒளி ஊடுருவும்படி, நீர் கோத்ததுபோல இருக்கும். நரம்புகளுக்கு நடுவே அடைபட்டு நீளவாட்டில் கோடாக ஓடும். ஓரத்தில் மஞ்சள் வளையம் தெரியலாம். அதிகாலையில் பார்த்தால் சில நேரம் அதன்மேல் பிசுபிசுப்பான துளி நிற்கும். வெயில் ஏறியதும் அது மெல்லிய பளபளப்பான படலமாகக் காய்ந்துவிடும். நோய் பார்க்க விடிகாலையில் போகச் சொல்வது இதற்காகத்தான்.

அமரில்லிஸ் வைத்திருப்பவர்கள் அடிக்கடி பயப்படும் செங்கோடுகளும் சிவப்புத் திட்டுகளும் பாக்டீரியா இல்லை. அது ஸ்டாகனோஸ்போரா என்ற பூஞ்சை. அதற்கு வைத்தியம் வேறு.

படி 2: கண்ணாடித் தம்ளர் சோதனை

டாலியா போன்ற செடி மண்ணில் ஈரம் இருந்தும் பகலில் வாடி, மாலையில் தேறி, இரண்டொரு நாளில் பச்சை மாறாமலே ஒரேயடியாகத் தொங்கிவிட்டால் ரால்ஸ்டோனியா என்ற வாடல் பாக்டீரியாவாக இருக்கலாம். இதை உறுதிசெய்ய ஆய்வகம் தேவையில்லை.

தரையை ஒட்டிய தண்டில் இரண்டு அங்குலத் துண்டு வெட்டுங்கள். மேலே ஒட்டிய மண்ணைக் கழுவுங்கள். தெளிந்த தண்ணீர் நிரப்பிய கண்ணாடித் தம்ளரில், வெட்டுமுனை மட்டும் தண்ணீரைத் தொடும்படி ஒரு துணிக்கிளிப்பால் பிடித்துத் தொங்கவிடுங்கள். தம்ளரை அசைக்கக் கூடாது. பின்னால் கறுப்புத் துணியோ காகிதமோ வைத்தால் நன்றாகத் தெரியும். சில நிமிடங்களில் வெட்டுமுனையிலிருந்து பால் நிறத்தில் நூல் நூலாகக் கீழே இறங்கினால் அது பாக்டீரியாதான். பூஞ்சை வாடலில் இந்த நூல் வராது. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல செடியின் தண்டு ஒன்றையும் இன்னொரு தம்ளரில் வைத்துக்கொள்ளுங்கள். கூழான கிழங்குக்கு இந்தச் சோதனை வேண்டாம். தண்ணீர் மொத்தமாகக் கலங்குமே தவிர நூல் தெரியாது.

சோதனை முடிந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடாதீர்கள். கொதிக்கவைத்துக் கொட்டுங்கள், அல்லது பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழிவறையில் ஊற்றுங்கள்.

ரால்ஸ்டோனியா வந்த மண் சுலபத்தில் சுத்தமாகாது. தக்காளி, கத்தரி, மிளகாய், இஞ்சி எல்லாவற்றையும் தாக்கும் நோய் இது. மலைக்கு அந்தப் பக்கம் இஞ்சி பயிரிட்ட நிலத்து மண்ணோ, வாடிப்போன தக்காளித் தோட்டத்து மண்ணோ சும்மா கிடைக்கிறதே என்று தொட்டிக்கு எடுத்து வராதீர்கள்.

மற்ற நோய்களைச் சுருக்கமாக

கிளாடியோலஸ் கிழங்கில் வட்டமாகக் குழிந்த பழுப்புப் புண்ணும், அதன் ஓரம் மேடிட்டுப் பளபளப்பாகவும், பிசின் கசிந்து காய்ந்தும் இருந்தால் அது சொறி நோய். பர்கோல்டேரியா கிளாடியோலி என்ற பாக்டீரியா. வெள்ளைப் புழு, கிழங்குச் சிலந்திப்பேன் ஆகியவை கடித்த காயம் வழியாக இது நுழைகிறது. சம்பங்கியில் மொட்டுகள் விரியாமல் பழுப்பாகிக் காய்ந்து, பூத்தண்டும் தீய்ந்ததுபோல ஆனால் மொட்டு அழுகல். அந்தத் தண்டுகளை அன்றே ஒடித்து அப்புறப்படுத்த வேண்டும். டாலியாவின் அடியில் காலிபிளவர்போலக் குட்டைக் குருத்துகள் கொத்தாகத் திரண்டாலும், கரடுமுரடான கழலை தெரிந்தாலும் அதுவும் பாக்டீரியாதான். வைத்தியம் கிடையாது, அகற்றிவிடுங்கள்.

ஹயசிந்த் பூவுக்கு வரும் மஞ்சள் நோயை 1880களில் நெதர்லாந்தில் யான் வாக்கர் ஆராய்ந்து, அதற்குக் காரணம் பாக்டீரியா என்று காட்டினார். செடிக்கும் பாக்டீரியா நோய் வரும் என்று உலகம் அறிந்த தொடக்கக் காலச் சான்றுகளில் அது ஒன்று. அன்று முதல் இன்று வரை அந்த நாட்டு விவசாயிகள் வயலில் வரிசை வரிசையாக நடந்து நோய்ச்செடியைப் பார்த்துப் பிடுங்குவதைத்தான் முதல் வேலையாக வைத்திருக்கிறார்கள். நமக்கும் அதுதான் வழி.

படி 3: கண்டுபிடித்த அன்றே செய்ய வேண்டியவை

நோய்ச்செடியைக் கடைசியாகத் தொடுங்கள். முதலில் நல்ல செடிகளின் வேலையை முடித்துவிட்டு, பிறகு இதற்கு வாருங்கள். இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தாலே பாதிப் பரவலைத் தடுக்கலாம்.

பாத்தியில் என்றால் கிழங்கை மட்டும் இழுக்காமல், சுற்றியுள்ள ஒரு சாண் மண்ணோடு மண்வெட்டியால் அள்ளி நேராகச் சாக்கிலோ பையிலோ போடுங்கள். நல்ல பாத்தி வழியாகச் சொட்டிக்கொண்டே தூக்கிப் போகாதீர்கள். எருக்குழியில் போடவே கூடாது. வாய்க்காலில் வீசுவது அடுத்தவர் தோட்டத்துக்கு நோயை அனுப்புவது. தோட்டத்துக்கும் கிணற்றுக்கும் தள்ளி, ஆழமான குழியில் போட்டு, மேலே சுண்ணாம்பு தூவி மூடுங்கள். பிடுங்கிய இடத்தில் அந்தப் பருவத்தில் மறுபடி கிழங்கு ஊன்ற வேண்டாம். தொட்டி என்றால் மண் முழுவதையும் அகற்றி, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவிடுங்கள்.

கத்தியும் கத்தரியும்தான் மனிதக் கையால் நோய் பரவும் பெரிய வழி. முதலில் மண்ணைக் கழுவுங்கள், ஏனென்றால் அழுக்கு ஒட்டியிருந்தால் எந்தக் கிருமிநாசினியும் சரியாக வேலை செய்யாது. பிறகு 70 சதவீத ஸ்பிரிட்டில் துடையுங்கள். அல்லது வீட்டு உபயோக வெளுப்புக் கரைசல் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து அதில் முக்கி எடுங்கள். வெளுப்புக் கரைசலை அன்றன்று கலக்க வேண்டும், கழிவறை ஆசிட்டோடு சேர்க்கவே கூடாது, இரும்பு துருப்பிடிக்கும் என்பதால் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் நடுவில் இதைச் செய்யுங்கள். நாள் முடிவில் ஒரு தடவை செய்வது போதாது.

கிழங்கைக் காப்பாற்ற முடியுமா? சம்பங்கியில் முயல வேண்டாம், பிடுங்கிவிடுவதுதான் லாபம். ஆசையாக வளர்த்த பெரிய அமரில்லிஸ் கிழங்கு என்றால், அடித்தட்டு கெட்டியாக இருக்கும் பட்சத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. கூழான செதில்களை உரித்து, சுத்தமான வெள்ளைச் சதை தெரியும் வரை வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடையுங்கள். காற்றோட்டமான நிழலில், கம்பிவலைமேல், வெட்டுவாய் நன்றாக உலரும் வரை சில நாள் வையுங்கள். மஞ்சள்தூள், பட்டைத்தூள் தடவலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தடவினால் கெடுதல் இல்லை, ஆனால் குணப்படுத்துவது உலர்தல்தான். பிறகு புது மண்ணில், கழுத்து வெளியே தெரியும்படி ஊன்றி, துளிர் வரும் வரை மிகக் குறைவாகத் தண்ணீர் விடுங்கள். அடித்தட்டே அழுகியிருந்தால் மனசைத் தேற்றிக்கொண்டு புதைத்துவிடுங்கள்.

படி 4: தெளிப்பு எதற்கு, எதற்கு இல்லை

உள்ளே அழுகும் கிழங்கைக் குணப்படுத்தும் தெளிப்பு மருந்து எதுவும் இல்லை. செம்பு கலந்த மருந்துகள் இலையின் மேல் படலமாக நின்று, புதிதாக வந்து விழும் பாக்டீரியாவைக் கொல்லும். அவ்வளவுதான் அவற்றின் வேலை. ஆகவே இலைப்புள்ளி வந்த பாத்தியில், இன்னும் தாக்கப்படாத செடிகளைக் காக்க அவை உதவும்.

காப்பர் ஆக்ஸிகுளோரைடு 50 சதவீதத் தூள் என்றால் லிட்டருக்கு 2.5 முதல் 3 கிராம். மழை விட்ட நேரத்தில், இலை உலர்ந்திருக்கும்போது, அடிப்புறமும் நனையும்படி தெளியுங்கள். தேவைப்பட்டால் 10 முதல் 14 நாள் கழித்து ஒரு தடவை. விரிந்த பூவில் பட்டால் கறை விழும். பூ விற்பவர்கள் பறித்து முடித்த பிறகு தெளிப்பது நல்லது. லேபிளில் போட்டிருக்கும் அளவை மீறாதீர்கள், கையுறையும் முகக்கவசமும் அணியுங்கள்.

போர்டோ கலவையை வீட்டிலேயே தயாரிக்கலாம். புனலூர்ப் பக்கம் ரப்பர் தோட்டங்களில் மழைக்கு முன் தெளிக்கும் அதே கலவைதான். ஒரு சதவீதக் கலவை 10 லிட்டருக்கு: 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 5 லிட்டர் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். 100 கிராம் நல்ல சுண்ணாம்பை இன்னொரு வாளியில் 5 லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலுக்குள் மெல்ல ஊற்றிக் கலக்குங்கள், மாற்றி ஊற்ற வேண்டாம். தேய்த்த இரும்புக் கத்தியைக் கொஞ்ச நேரம் முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்புக் கரைசல் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் இலை கருகும். அன்றே தெளித்துத் தீர்த்துவிடுங்கள். இரும்பு, தகரப் பாத்திரம் கூடாது.

ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் கலந்த பொட்டலத்தைக் கடையில் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மனிதருக்கு, குறிப்பாகக் காசநோய்க்குக் கொடுக்கும் மருந்து வகை அது. தோட்டத்தில் கண்டபடி தெளித்தால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகும். பயிர்களில் இவற்றைத் தடைசெய்யும் வரைவு ஆணையை மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் வெளியிட்டது. ஒரு பூந்தொட்டிக்காக அந்த மருந்தை வீணாக்க வேண்டியதில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சூடோமோனாஸ் புளோரசன்ஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா வேளாண் விரிவாக்க மையங்களில் தூளாகக் கிடைக்கும். லிட்டருக்கு 10 கிராம் கலந்து, ஊன்றும் முன் கிழங்கை அரைமணி நேரம் நனைத்து, நிழலில் உலர்த்தி ஊன்றலாம். இது தடுப்பு, வந்த நோய்க்கு மருந்தாகாது. சந்தேகமான கிழங்கையும் நல்ல கிழங்கையும் ஒரே வாளியில் முக்காதீர்கள், ஒன்றின் நோய் எல்லாவற்றுக்கும் போய்விடும். செம்பு மருந்து தெளித்த உடனே இதைக் கொடுத்தால் செம்பு இதையும் கொன்றுவிடும்; ஒரு வாரம், பத்து நாள் இடைவெளி விடுங்கள்.

படி 5: தண்ணீரும் மண்ணும்

பாத்தியைத் தரையிலிருந்து முக்கால் அடி உயர்த்திப் போடுங்கள், சாரல் தொடங்கும் முன் வடிகாலை வெட்டி முடியுங்கள். தண்ணீர் காலையில், வேர்ப்பக்கம் மட்டும். மாலையில் குழாயைப் பிடித்து இலைமேல் பீய்ச்சும் பழக்கம் கிழங்குச் செடிக்கு ஆகாது. ஸ்பைடர் லில்லி, அமரில்லிஸ் இலைகளின் கழுத்துக்குழியில் தண்ணீர் நிற்கக் கூடாது. நமக்குத் தென்னை நார்க்கழிவு எளிதாகக் கிடைப்பதால் தொட்டி முழுக்க அதையே நிரப்புகிறார்கள்; மழைக்காலத்தில் அது நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மணலும் செம்மண்ணும் கூடுதலாகவும், நார்க்கழிவு கொஞ்சமாகவும் இருக்கட்டும். தொழு உரம் நன்கு மக்கியதாக இருக்க வேண்டும். யூரியாவை அள்ளிப் போட்டால் இலை தளதளவென்று வரும், அந்த மென்மையான சதையில்தான் அழுகல் வேகமாக ஓடும்.

காயம் உண்டாக்குபவர்களையும் கவனியுங்கள். கறுப்பு உடலில் சிவப்பு, மஞ்சள், வெள்ளைப் புள்ளிகளோடு வரும் லில்லிப் புழு இலையைத் தின்று, சில நேரம் கிழங்கு வரை குடைந்துவிடும். பின்னாலேயே மென்அழுகல் வரும். இலையின் அடியில் முட்டைக்கூட்டம் தெரிந்ததும் கிள்ளி எறியுங்கள். ஆப்பிரிக்க நத்தையை இரவில் டார்ச் அடித்துப் பொறுக்க வேண்டும். வேர்முடிச்சு நூற்புழுவும் சம்பங்கியில் வாசல் திறந்துவிடும். களை எடுக்கும்போது கொத்து கிழங்கில் படாமல் கையால் பிடுங்குங்கள்.

நோய் வந்த நிலத்தில் பங்குனி, சித்திரை வெயிலைப் பயன்படுத்துங்கள். மண்ணைக் கொத்தி, நனைத்து, கண்ணாடிபோல் தெளிந்த பாலிதீன் விரிப்பால் ஓரம் காற்றுப் புகாமல் மூடி, 4 முதல் 6 வாரம் விடுங்கள். மேல்மண் சூடேறிக் கிருமியின் எண்ணிக்கை குறையும். அடுத்த இரண்டு மூன்று பருவத்துக்கு அங்கே மக்காச்சோளமோ சோளமோ போடலாம். வெங்காயமும் உருளையும் வேண்டாம்.

படி 6: கிழங்கு வாங்கும்போது

கேரளத்து மண்ணுத்தி நர்சரிகளுக்குப் போய் வாங்கினாலும், இணையத்தில் தருவித்தாலும், பக்கத்து விவசாயியிடம் கேட்டு வாங்கினாலும், அழுத்தியும் முகர்ந்தும் பார்க்காமல் ஒரு கிழங்கையும் தோட்டத்துக்குள் விடாதீர்கள். பிளாஸ்டிக் உறைக்குள் வியர்த்திருக்கும் கிழங்கு வேண்டாம். சம்பங்கிக்கு 25 முதல் 30 கிராம் எடையுள்ள, காயமில்லாத கிழங்கு போதும். பிரஜ்வல், சுவாசினி போன்ற பெங்களூரு ரகங்களைக் கேட்டு வாங்கலாம். நோய் வந்த வயலிலிருந்து மலிவாகக் கிடைக்கும் விதைக்கிழங்கைப் போல விலை அதிகமானது வேறில்லை. வாங்கியதைப் பழைய செடிகளுக்குப் பக்கத்தில் வைக்காமல் மூன்று வாரம் தனியாக வைத்துப் பாருங்கள்.

தோண்டி எடுப்பதை மழையில்லாத நாளில் வைத்துக்கொள்ளுங்கள். மண்ணைக் கையால் உதிருங்கள், கழுவ வேண்டாம். வெட்டுப்பட்டதைத் தனியே பிரியுங்கள். நிழலில், காற்றோட்டத்தில், ஒரே அடுக்காகப் பரப்பி உலர்த்தி, கம்பிவலைத் தட்டிலோ சணல் சாக்கிலோ வையுங்கள். வாரம் ஒரு தடவை புரட்டி, மெத்தென்று ஆனதை எடுத்து எறியுங்கள்.

எங்கே கேட்பது

நீங்களே முடிவு செய்ய முடியாத நோய் என்றால் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியிலோ, குமரி மாவட்டத்தார் பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ, அல்லது அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டலாம். விவசாயிகளுக்கான இலவசத் தொலைபேசி 1800 180 1551. மாதிரி கொண்டுபோகும்போது முழுக்க அழுகிய கிழங்கை எடுக்காதீர்கள். அதில் பின்னால் வந்து சேர்ந்த கிருமிகள்தான் நிறைந்திருக்கும். நோய் இப்போதுதான் தொடங்கிய செடியை வேரோடு எடுத்து, ஈரமில்லாத செய்தித்தாளில் சுற்றி, அதைக் காகிதப் பையில் போட்டு, அன்றே கொண்டு சேருங்கள். எந்த நாளில் முதலில் பார்த்தீர்கள், எத்தனை செடியில், கடைசியாக என்ன ஊற்றினீர்கள், கிழங்கு எங்கே வாங்கியது என்று ஒரு சீட்டில் எழுதி உடன் வையுங்கள். பார்க்கிறவர் முதலில் கேட்கப் போவது அந்த நான்கும்தான்.